முகாம் பெண்களிடம் கேட்டபோது தெரிந்தவை: உங்கள் அனுபவங்கள்?

இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வேலை செய்தவர்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் முகாமில் கழிப்பறைகள் கணக்குப்படி சரியாகவே இருந்தன: 20 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. ஆனால் இருட்டியபின் ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் போகமாட்டார். மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். பெண்களோடு தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் காரணம் வெளியே வந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. விளக்கு கழிப்பறை வாசலில் இருக்கிறது, நடந்துபோகும் வழியில் இல்லை. இதைச் சொன்ன அம்மாவுக்கு, யார் எங்கே நின்று தொல்லை கொடுக்கிறார்கள், எந்த இரு குடும்பங்களுக்குள் பகை முற்றுகிறது என்பதெல்லாம் அத்துப்படி. முகாம் குழுவில் அவருக்கு இடமே இல்லை!

பதில் 1

நான் பதிவு மேசையில் இருந்தேன். குடும்பத்தின் உணவு அட்டை கணவர் பெயரில். அவர் விட்டுவிட்டுப் போனால் உணவுப் பொருளும் அவரோடு போய்விடும். ஆவணங்களைத் தங்கள் பெயரிலேயே பெறப் பெண்களுக்குச் சம உரிமை உண்டு என்று உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1998இலேயே சொல்லிவிட்டன. அடி வாங்கிக்கொண்டே சில பெண்கள் ஏன் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள், முதலில் அந்த அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும்.

பதில் 2

பாதுகாப்போடு நிறுத்திவிடக் கூடாது. சமாதானப் பேச்சில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்ற ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000இல் வந்தது. 2003இல் லைபீரியப் போரை நிறுத்த கானாவில் பேச்சு நடந்தபோது, அங்கே அகதிகளாக இருந்த பெண்களும் சேர்ந்து மண்டப வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். உடன்பாடு ஆகஸ்டில் கையெழுத்தானது. வீடு இழந்தவர்களுக்கு அரசியல் தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

எங்கள் சமாதானக் குழு, பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் கூடும். நேரத்தை மாற்றி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்ததும் வந்தார்கள். வந்ததும் நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஊர் திரும்பினால் பத்திரம் யார் பெயரில் இருக்கும்? கணவரை இழந்தவளின் வீட்டில் குடியேறியவரை யார் வெளியேற்றுவது? அதுவரை எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்விகள் எழுந்ததில்லை. அடுத்த கூட்டம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.