பஜீரோ போய் டிபெண்டர் வந்தது, கியர் மட்டும் கையில்தான்

யாழ்ப்பாணத்தில் ஜீப் வைத்திருப்பவனை ஒருவரும் சும்மா விடமாட்டார்கள். "மலையும் இல்லை, காடும் இல்லை, உனக்கேன் உந்தப் பெரிய சாமான்?" என்று கோயில் வாசலில் வைத்தே கேட்பார்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் பலாலி வீதியையும் ஏ9ஐயும் தாண்டாதவர்கள். வடமராட்சி கிழக்கில் குடத்தனை, மணல்காட்டுப் பக்கம் தார் வீதியை விட்டு ஒருக்கால் இறங்கிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கார்த்திகை மழைக்குள் பூநகரி வயல் பாதையில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பளையில் தென்னங்காணி, பூநகரியில் கொஞ்ச வயல். நாலு சில்லும் இழுக்கிற வாகனம் இல்லாமல் மாரியில் என் வேலை நடக்காது. ஆசையும் கொஞ்சம் உண்டுதான், அதை ஏன் மறைப்பான்.

நெடுங்காலம் ஓடியது பஜீரோ. இரண்டாம் தலைமுறை, 2.8 லீற்றர் டீசல், ஐந்து கியர் மனுவல். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வந்து கேட்ட விலைக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் தேடல் தொடங்கியது.

எந்த பிராண்ட் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கியர் கையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஆனால் அந்த ஒரு நிபந்தனையே முக்கால்வாசி வாகனங்களைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடும் என்பது தேடும்போதுதான் தெரியும். கொஞ்சம் புதிய மொன்டெரோவா (பஜீரோவுக்கு இன்னொரு பெயர்), ஓட்டோமற்றிக். பிராடோவா, பத்தில் எட்டு ஓட்டோமற்றிக். ஒரு தரகர் தொலைபேசியிலேயே சிரித்தார்: "அண்ணை, இப்ப ஆர் மனுவல் தேடினம்? கால் நோகாதே?"

ஏன் மனுவல் என்று கேட்டால், மணலில் மனுவல்தான் சிறந்தது என்று வீரம் பேச மாட்டேன். உண்மையில் இளகிய மணலில் ஓட்டோமற்றிக்தான் லேசு. மனுவலில் கியர் மாற்றக் கிளச்சை மிதிக்கிற அந்தக் கண நேரத்திலேயே வாகனம் வேகம் இழந்து புதைந்துவிடும். இறக்கத்தில் எஞ்சினே வாகனத்தைப் பிடித்து இறக்கும் என்பார்கள், சரிதான், ஆனால் எங்கள் ஊரில் இறக்கம் என்றால் கீரிமலைக் கேணிப் படிகள்தான். என் காரணம் வேறு. இருபத்தைந்து வயதான ஓட்டோமற்றிக் கியர் பெட்டி ஒன்று மல்லுக்கு நின்றால், அதைக் கழற்றி விளங்கிப் பூட்டக்கூடிய கையைத் தேடிக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். மனுவல் பெட்டி என்றால் எங்கள் ஊர்க் கராஜில், தென்னை மரத்து நிழலிலேயே, சாக்கை விரித்து வைத்துக்கொண்டு கழற்றிவிடுவார்கள். வயலில் பற்றரி படுத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரில் திருத்த முடியாத வாகனத்தில் எங்களுக்கு மனம் ஒட்டாது.

லாண்ட் குரூசர் 70ஐ யோசிக்காமல் இல்லை. ஆறு சிலிண்டர், 4.2 லீற்றர் டீசல். தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களாக வன்னி முழுக்க ஓடித் திரிந்தது அதுதான். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். ஆனால் விலையைக் கேட்டால் நாங்கள்தான் கண்ணை மூட வேண்டும். ஜிம்னி நல்ல சாமான், தேங்காய் ஏற்ற இடம் இல்லை. மச்சான் ஜிம்னியை விட்டு ஹைலக்ஸ் டபுள் கப்புக்குப் போனவர், அதுவும் மனுவல்தான். அவருக்குச் சந்தோஷம், அக்காவுக்குத்தான் பின் ஆசனத்தில் முதுகு நோகிறதாம்.

லாண்ட் ரோவர் டிபெண்டர் மனதில் வந்தது ஒரு எளிய காரணத்தால். பழைய டிபெண்டரில் தொழிற்சாலையில் இருந்து வந்த டீசல் வாகனம் எல்லாமே மனுவல். "மனுவலோ, ஓட்டோவோ?" என்று கேட்கவே தேவையில்லை. 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி வாகனம் இறங்கியதோடு அது முடிந்தது. 2020இல் வந்த புது டிபெண்டரில் மனுவலே கிடையாது. ஆக, நான் போய்ச் சேர்ந்த பிராண்டும் நான் கேட்டதைக் கைவிட்டுவிட்டது. எனக்குத் தேவைப்பட்டது 110 என்ற நீள வகை, அதில் 300 ரிடிஐ என்ற டீசல் எஞ்சின். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்பியூட்டர் என்ற கதையே இல்லை.

வாங்கப் போகும்போது எங்கள் மெக்கானிக் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. மடித்த சாக்கைப் போட்டு வாகனத்தின் பின்பக்கம் அடியில் படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் செசியை, அதாவது அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டு வந்தார். டங், டங் என்று வந்த சத்தம், பின் குறுக்குச் சட்டத்துக்குக் கிட்ட ஓரிடத்தில் தொப் என்று விழுந்தது. இன்னொரு தட்டு, துருப்பொருக்கு அவர் சட்டையில் கொட்டியது. எழும்பிச் சாக்கை உதறி, "வாங்கோ போவம்" என்றார், அவ்வளவுதான். டிபெண்டருக்கு உடம்பு அலுமினியம், துருப் பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். உடம்பு பிடிக்காது, உண்மை. செசி இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடத் தொடங்கும், பெயின்ற்றுக்கு அடியில் வெள்ளைத் தூளாகப் பூக்கும். கதவு ஓரங்களில் விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். கடல் சூழ்ந்த ஊருக்குக் கொண்டுவருகிற வாகனத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எஞ்சினை எப்போதும் திருத்திக்கொள்ளலாம். குருநாகல் பக்கம் இருந்து கடைசியில் எடுத்த வாகனம் சுத்தியலுக்கு ஒரே சத்தத்தில் பதில் சொன்னது.

இனி ஓட்டிய கதை. மனுவலில் இருந்து மனுவலுக்குத்தானே என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளச் கனம். பஜீரோவில் விரல் நுனியால் மிதித்ததை இதில் தொடையால் மிதிக்க வேண்டும். ஸ்ரான்லி வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் இடது கால் தனியாகக் கூலி கேட்கும். கதவு தோளோடு ஒட்டி நிற்பதால் வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துத்தான் பழக வேண்டும். ரிவேர்ஸ் எங்கே என்பதையும் வாங்க முன்பே பாருங்கள். 300 ரிடிஐக்கு வரும் ஆர்380 கியர் பெட்டியில் அது வலப்பக்கம், ஐந்தாவதுக்கு நேர் கீழே. அதற்கு முந்திய பெட்டியில் இடப்பக்கம், முதலாவதுக்குப் பக்கத்தில். ஒரே பிராண்டுக்குள்ளேயே இப்படி.

உண்மையான மாற்றம் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரில். பஜீரோவில் தார் வீதியில் பின் சில்லு மட்டும் இழுக்கும், மணல் வந்தால் லீவரைத் தள்ளி நாலு சில்லுக்கு மாற்றுவோம். டிபெண்டரில் நாலு சில்லும் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அங்கே லீவர் செய்கிற வேலை இரண்டு: ஹை (சாதாரண ஓட்டத்துக்கு), லோ (வேகம் குறைத்து இழுவையைக் கூட்ட) மாற்றுவது ஒன்று, பக்கவாட்டில் தள்ளி நடு டிஃப்பை, அதாவது முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் தொகுதியை, பூட்டுவது மற்றது. பூட்டாமல் மணலில் இறங்கினால் ஒரு சில்லு சும்மா சுழல, மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். பூட்டியபடி தாரில் ஏறினால் கியர் தொகுதிக்குள் முறுக்கு ஏறும். பூட்டைத் திறந்த பிறகும் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால் பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு விளக்கு அணைந்துவிடும்.

அடுத்தது லோ. பஜீரோவின் லோ கிட்டத்தட்ட 1.9 மடங்குதான் குறைக்கும். டிபெண்டரில் அந்தக் குட்டி லீவர் இயக்கும் எல்ரி230 என்ற துணைக் கியர் பெட்டியில் அது 3.32. கணக்காகத் தெரிகிறதுதான், மணலில் கால் வைத்தால்தான் அதன் பொருள் புரியும். பஜீரோவில் நான் லோவில் இரண்டாவது கியரில் எடுத்து ஓடுவேன். அதே பழக்கத்தில் டிபெண்டரை எடுத்தால் எஞ்சின் அலறும், வாகனம் நகரும், வேகம் வராது. வேகம் இல்லாவிட்டால் மணல் விடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பஜீரோவில் லோ இரண்டாவது ஹை முதலாவதுக்குக் கிட்டவாக நிற்கும். டிபெண்டரில் அந்த இடத்தில் நிற்பது லோ மூன்றாவது. ஆகவே மணல்காட்டில் நான் லோ மூன்றில் எடுத்து, கிளச்சைத் தொடாமல் அதே கியரில் போகிறேன். ரயர் காற்று 32 பிஎஸ்ஐயில் இருந்து 18க்கு இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சவுக்கு மரங்களுக்குப் பக்கத்துப் பாதையோடு போங்கள், மணல் மேடுகளில் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே மணல் அள்ளுகிறவர்கள் போதும் அந்த இடத்துக்கு.

களி வேறு கதை. பூநகரி வயல் வரம்புக்குப் பக்கத்தில் லோ முதலாவதைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால், நடந்து வருகிற ஆளை விட மெதுவாக, அணையாமல் தானாகவே ஊரும். இந்த ஒன்றில் பஜீரோ கிட்டவும் வராது. திருப்பித் தாரில் ஏறி சங்குப்பிட்டிப் பாலத்தில் எண்பதில் போகும்போது பஜீரோவின் அருமை தெரியும், பேசுவதென்றால் இதில் கத்த வேண்டும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாவின் மகனும் இதே வேலைதான் பார்த்தவன். ஜீப் ராங்லரில் இருந்து போர்ட் பிரொங்கோவுக்கு, மனுவலை விடாமல். ராங்லரில் 3.6 லீற்றர் வி6க்கு ஆறு கியர் மனுவல் இருந்தது. பிரொங்கோவில் பெரிய வி6 எஞ்சின் வேண்டுமென்றால் ஓட்டோமற்றிக்தான், மனுவல் வருவது 2.3 லீற்றர் நாலு சிலிண்டருக்கு மட்டும். ஏழு கியர், அதில் ஒன்று ஊர்வதற்கென்றே வைத்தது. அவனும் எஞ்சினைக் குறைத்துக் கியரை வைத்துக்கொண்டான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவனிடம் சாவியைக் கொடுத்தேன். அங்கே வலது கையால் கியர் போட்டவன் அல்லவா, ஒவ்வொரு சந்தியிலும் வலது கை போய்க் கதவில் முட்டியது. "அண்ணா, கால் எல்லாம் சரி, கைதான் கனடாவில நிக்குது" என்றான்.

உதிரிப்பாகம் பற்றிக் கேட்பீர்கள். இரண்டுக்கும் கடைசியில் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான். சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், விடிய எடுத்துக்கொள்ளலாம். டிபெண்டருக்குப் புதுச் சாமான் தாராளமாக வருகிறது, ஆனால் ஒரே பாகத்துக்கு மூன்று விலை, மூன்று தரம். மலிவானதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைப்பது என் பஜீரோவில் ரைமிங் செயின், 300 ரிடிஐயில் பெல்ட். அறுந்தால் எஞ்சினும் சேர்ந்து போகும். விற்றவர் "இப்பதான் அண்ணை மாத்தினது" என்று சத்தியம் பண்ணினார். ஊருக்கு வந்த கையோடு கழற்றிப் பார்த்தோம், விரலால் மடித்தபோது பல்லுக்குப் பல் வெடிப்பு. மெக்கானிக் அண்ணை அந்தப் பெல்ட்டைக் கராஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். "இப்பதான் மாத்தினது" என்று யாராவது வாகனம் கொண்டுவந்தால் பதில் சொல்லாமல் அதைக் காட்டுவார்.