செம்புக் கம்பி லேண்ட்லைன், டயல் போன், பேக்ஸ்: கையில் சிக்கிய பழுதுகளைப் பகிருங்கள்

டிராப்வயர்

மழை விட்டு நாலு நாள் ஆகியும் கரகரப்பு போகாத ஒரு லைன். போன் மாற்றியாச்சு, வீட்டுக்குள் ஓடும் வயரும் மாற்றியாச்சு. இதில் ஒரு விஷயம் இன்னும் மனசை அரிக்கிறது. வெளியிலிருந்து அழைப்பு வந்து மணி அடித்தபின் எடுத்தால் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. அரை மணி கழித்து நாமாக ரிசீவரை எடுத்தால் மறுபடி கரகர.

காரணம் ஜாயிண்டில் படிந்த ஆக்சைடு. லைனில் சாதாரணமாக நிற்பது 48 வோல்ட் டிசி, பேசும்போது ஓடுவது 20 முதல் 40 மில்லி ஆம்பியர். அந்த மெல்லிய படலத்தை உடைக்க அது சில சமயம் போதாது. மணி அடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது சுமார் 75 வோல்ட் ஏசி, அதுவும் டிசி மேல் ஏறி வரும். அது படலத்தைக் குத்தி உடைக்கிறது, கொஞ்ச நேரம் செம்பும் செம்பும் தொடுகிறது, பிறகு படலம் திரும்பக் கட்டுகிறது. "போன் வந்தா சரியாயிடுது" என்று யாராவது சொன்னால் போனைத் தொடாதீர்கள், ஜாயிண்டைத் தேடுங்கள்.

இந்த லைனில் அது கூரை விளிம்புக்குக் கீழே இருந்தது. வெறுமனே முறுக்கி பிவிசி டேப் சுற்றிய ஜாயிண்ட். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி கொட்டியது, டேப்பின் பசையே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெட்டித் தள்ளிவிட்டு, ஜெல் நிரப்பிய யூஒய் கனெக்டர் போட்டு, பொத்தான் முழுதாக அமுங்கும்வரை பிளையரால் அழுத்தியதும் சத்தம் நின்றது. கனெக்டருக்குள் விடும் கம்பியின் இன்சுலேஷனைச் சீவக் கூடாது, அதுவே வெட்டிப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டர்_கையில்

மேலே சொன்னது சரி. ஆனால் ஜாயிண்ட் ஜாயிண்டாகப் பிரித்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது. ஒரு சாதாரண மல்டிமீட்டரே பாதியைச் சொல்லிவிடும்.

போனை வைத்த நிலையில் இரண்டு கம்பிக்கு நடுவே 48 முதல் 52 வோல்ட். எடுத்ததும் 6 முதல் 10 வரை இறங்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு லெக்கையும் (இரண்டு கம்பியில் ஒற்றைக் கம்பி) எர்த்துக்கு அளக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். போனை வைத்த நிலையில் ஒரு லெக் எர்த்துக்குக் கிட்டத்தட்ட 0, இன்னொன்று மைனஸ் 48 காட்ட வேண்டும். மைனஸ் லெக் எர்த்துக்கு 30, 35 என்று குறைந்து நின்றால் அது வழியில் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பிளஸ் பக்கத்தை எர்த் செய்து லைனுக்கு மைனஸ் கொடுப்பதே இந்தக் கசிவை மனதில் வைத்துத்தான். பிளஸ் கொடுத்திருந்தால் ஈரம் பட்ட இடத்தில் செம்பு கரைந்தே போயிருக்கும்.

மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து போனோடு சீரியஸில் போடுங்கள். 20-க்குக் கீழே வந்தால் வழியில் தேவையில்லாத ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. 0.5 மிமீ செம்பு கிலோமீட்டருக்குப் போக வர சுமார் 168 ஓம், 0.4 மிமீ என்றால் 270 ஓமுக்குப் பக்கம். எக்ஸ்சேஞ்ச் எத்தனை தூரம் என்று தெரிந்தால் எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இன்னொன்று, 48 வோல்ட்தானே என்று கம்பியை வெறும் கையில் பிடித்து முறுக்காதீர்கள். அந்த நேரம் பார்த்து மணி வந்தால் நன்றாகவே உலுக்கும். ஏணி மேல் நிற்பவருக்கு அந்த உலுக்கலைவிட விழுவதுதான் ஆபத்து.

பில்லர்பாக்ஸ்

டயல் டோன் இல்லை, வோல்ட் இல்லை, லைன் முழுதாக அறுந்துவிட்டது. கேபிள் 700 மீட்டர் மண்ணுக்குள் போகிறது. எங்கே தோண்டுவது?

இதற்கு கெபாசிட்டன்ஸ் மீட்டர் போதும். ஜெல்லி நிரப்பிய மண்கேபிளில் ஒரு பேருக்கு (ஒரு லைனுக்கான ஜோடிக் கம்பி) நடுவே கிலோமீட்டருக்குச் சுமார் 52 நானோபாரட் இருக்கும். அறுந்த கம்பி ஒரு நீளமான கெபாசிட்டர்தான். இந்த லைனில் டிபி பாக்ஸிலிருந்து (வீடுகளுக்குக் கம்பி பிரியும் பெட்டி) பில்லர் (தெருவோரக் கேபிள் பெட்டி) பக்கம் பார்த்து அளந்ததில் 18 நானோபாரட் வந்தது. 18-ஐ 52-ஆல் வகுத்தால் 0.346, அதாவது 350 மீட்டருக்குப் பக்கம். சாலையில் டேப் பிடித்து நடந்தால் அந்த இடத்தில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மூடிய புது மண். கடப்பாரை கேபிளைச் சப்பையாக்கி ஒரு கட்டுக் கம்பிகளையே அறுத்திருந்தது.

அளக்குமுன் அந்தப் பேரில் வோல்ட் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், மீட்டர் போய்விடும். வீட்டுப் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போனுக்குள் இருக்கும் மணி கெபாசிட்டர் ஒன்றிரண்டு மைக்ரோபாரட் சேர்ந்து கணக்கு குட்டிச்சுவராகும். இரண்டு லெக்கும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால்தான் இந்த எண் நேராக வரும். கேபிளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் எண் கூடும், தூரம் அதிகமாகக் காட்டும். அதே கேபிளில் நல்ல காலிப் பேர் ஒன்று கிடைத்தால் அதன் மறுமுனையைத் திறந்து வைத்து அளந்து ஒப்பிட்டால் பிழை குறையும்.

திரும்ப இணைக்கும்போது நிறம் மாறிவிட்டால் ஊரே குறுக்குப்பேச்சு. முதல் 5 பேருக்கு வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். அடுத்த 5-க்கு சிவப்போடு அதே வரிசை. மாலை வெளிச்சத்தில் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும், டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அடடா_சிக்னல்

போன் பிணம் மாதிரி கிடக்கிறது, ஆனால் பிராட்பேண்ட் மட்டும் நொண்டிக்கொண்டே ஓடுகிறது. இதைப் பார்த்திருக்கிறீர்களா? "நெட் வருதே, அப்ப லைன் சரி" என்று புகாரை மூடிவிடுகிறார்கள்.

ஒரு லெக் அறுந்திருக்கிறது. டிசிக்கு முழு வளையம் வேண்டும், ஏடிஎஸ்எல் (செம்புக் கம்பி பிராட்பேண்ட்) அலை அறுந்த இடத்தைக் கெபாசிட்டன்ஸ் வழியாகத் தாண்டிவிடும். மோடம் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே ஊசலாடும், டவுன்லோட் பத்தில் ஒரு பங்காகிவிடும். புகாரில் "ஸ்லோ" என்று எழுதாமல் "டயல் டோன் இல்லை" என்று எழுதுங்கள்.

டயல்_கவர்னர்

கறுப்பு டயல் போனைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 7 சுழற்றினால் வேறு எண் போகிறது. அப்படி ஒரு டயல்.

விரலை விட்டதும் டயல் திரும்பும் வேகம் நொடிக்கு 10 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 67 மில்லி நொடி லைன் வெட்டப்பட்டு 33 மில்லி நொடி சேரும். 0 சுழற்றினால் 10 வெட்டு. வேகத்தைப் பிடிக்க எளிய வழி: அதே லைனில் பேரலல் போன் ஒன்றை எடுத்து அதன் காதுப்பக்கம் மொபைலை வைத்து ரெக்கார்ட் செய்யுங்கள், டயல் போனில் 0 போடுங்கள். டயல் போனின் சொந்தக் காதில் கேட்காது, சுழலும்போது ரிசீவரை ஷார்ட் செய்ய உள்ளே தனி காண்டாக்ட் இருக்கிறது. அலைவடிவத்தில் முதல் டிக்கிலிருந்து பத்தாவது டிக் வரை 0.9 நொடி வரவேண்டும். 1.2 நொடி வந்தால் வேகம் 7.5, டயல் மந்தம். 8-க்கும் 12-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

இந்த டயலில் 0.9-க்குப் பதில் 0.6. அதாவது 15 துடிப்பு, ஓட்டம் தறிகெட்டது. பின்பக்கம் திறந்தால் காரணம் கண்ணெதிரே: யாரோ நல்லெண்ணத்தில் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இப்படித்தான்: பித்தளைக் கிண்ணத்துக்குள் இரண்டு சின்ன எடைகள் சுற்றும், வேகம் கூடினால் விரிந்து கிண்ணச் சுவரில் உராயும், அந்த உராய்வுதான் பிரேக். கிண்ணமே எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்க வழியே இல்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சைப் பல்குச்சியில் சுற்றி, கிண்ணத்தின் உட்சுவரையும் எடைகளின் நுனியையும் பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு கடிகார எண்ணெய், ஊசி முனையில் நிற்கும் அளவு, கவர்னர் தண்டின் இரண்டு முனைக்கு மட்டும். கிண்ணத்துக்கு ஒருநாளும் வேண்டாம். மந்தமான டயலுக்கு நேர் எதிர்: அங்கே பழைய எண்ணெய் பிசினாகித் தண்டைப் பிடித்திருக்கும். எடைகள் நிற்கும் கைகளை மயிரிழை வளைத்து வேகம் திருத்துவதெல்லாம் சுத்தம் செய்து அளந்து பார்த்த பிறகுதான். துடிப்பு காண்டாக்ட்டில் உப்புத்தாள் போடாதீர்கள். விசிட்டிங் கார்டைச் செருகி இழுத்தாலே போதும்.

குரல் கம்மிப் போனால் மைக் கார்பன் பொடி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் பொடி உதிரும்.

ஓஎன்டி_வெள்ளைப்பெட்டி

டயல்_கவர்னர் சார், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அப்படிச் சுத்தம் செய்த போனை இன்றைக்குப் பைபர் பெட்டியில் செருகினால் பாதிப் பெட்டிகள் துடிப்பைக் கணக்கிலேயே எடுக்காது. டோனை மட்டும் கேட்கும். டயல் டோன் வரும், எண் போட்டாலும் அதே டோன் தொடரும். டயல் கெட்டுவிட்டது என்று திரும்பவும் பிரிக்க வேண்டாம். நடுவில் பல்ஸிலிருந்து டோனுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வேண்டும்.

மணியும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் 75 வோல்ட் கொடுத்த இடத்தில் பல வெள்ளைப் பெட்டிகள் அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். மணி அடிக்காமல் "டுக் டுக்" என்று நாக்கு மட்டும் அசையும். மணிக்குள் நாக்கை ஒரு பக்கம் பிடித்து இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் இருக்கும், அதைத் தளர்ந்த பள்ளத்துக்கு மாற்றிப் பாருங்கள். மணிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி லேசாகத் திருப்பினால் இடைவெளி மாறும், அதில் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு பெட்டியில் மணி உள்ள போன் ஒன்றுக்கு மேல் மாட்ட வேண்டாம்.

தெர்மல்_ரோல்

பேக்ஸ். பைபருக்கு மாறிய பின் முதல் பக்கம் போகிறது, மூன்றாம் பக்கத்தில் அறுகிறது, தினமும் அதே இடத்தில்.

மெஷினில் வேகத்தை 9600-க்கு இறக்குங்கள், 33600 இருந்தால் அணையுங்கள். ஈசிஎம் என்கிற பிழை திருத்தத்தை அணைத்துப் பாருங்கள். அது இருந்தால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் திரும்பக் கேட்டு நேரம் தாண்டிவிடும், இல்லாவிட்டால் ஒரு கோடு விழுந்த பக்கமாவது வந்து சேரும். பெட்டியில் டி.38 (பேக்ஸை நெட் வழியாக அனுப்பும் முறை) இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் குரலை அதிகம் சுருக்காத கோடெக் ஜி.711 மட்டும்.

பேட்டரி_ரூம்

இவ்வளவு பேர் எழுதியும் கரண்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஊர் முழுக்க இருட்டாக இருந்தபோது லேண்ட்லைன் வேலை செய்ததற்குக் காரணம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை. 2 வோல்ட் செல் 24-ஐ ஒன்றன்பின் ஒன்றாகச் சீரியஸில் இணைத்தது, அதுதான் 48. பைபரில் கண்ணாடி இழை கரண்டைக் கொண்டுவராது. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு நீங்கள்தான் பேட்டரி.

பெட்டியின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், சுமார் 7 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி 84 வாட் மணி. அதில் 70 சதவீதத்தை நம்பினால் 59, ஆக 8 மணி நேரத்துக்குப் பக்கம். ஆனால் பேட்டரியை நேராகப் பெட்டியில் மாட்டாதீர்கள். சார்ஜில் நிற்கும்போது அது 13.8 வோல்ட், சில பெட்டிகள் தாங்காது. நடுவில் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் மினி யூபிஎஸ் வாங்குங்கள். பிளக் நடுமுள் பிளஸ்தானா என்று அடாப்டர் முதுகில் உள்ள படத்தைப் பாருங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மாதம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் போன் பேசிப் பாருங்கள். ஈய பேட்டரி சொல்லிக்கொள்ளாமல் சாகும், வோல்ட் 12.8 காட்டும், சுமை ஏறியதும் 10-க்கு விழும்.

உப்புக்காத்து

டிராப்வயர் சொன்ன ஜாயிண்ட்டைப் பற்றி ஒன்று. நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் யூஒய் போட்டும் பச்சை ஏறியது. கனெக்டர் வாய் மேலே பார்த்து இருந்ததால் கம்பி வழியாகவே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாய் கீழே பார்க்க வையுங்கள், கம்பி கனெக்டரைத் தொடுமுன் ஒரு முறை தொங்கி வளையட்டும், சொட்டு அங்கேயே விழும்.

இடி விழுந்த மறுநாள் லைன் முழு ஷார்ட் என்றால் முதலில் வாசலில் உள்ள பாதுகாப்புக் குழலைக் கழற்றிப் பாருங்கள். 230 வோல்ட் காஸ் டியூப் அடி வாங்கினால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். கழற்றியதும் டோன் வந்தால் பழுது அதுதான், ஆனால் அது இல்லாமல் ஓட்டாதீர்கள், புதுசு போடுங்கள். ஒரு வீட்டில் அதன் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் அது துளசித் தொட்டிக்குள் போய் முடிந்தது. வெறும் சிமென்ட் தொட்டி, கீழே தரையோடு தொடர்பே இல்லை. மோடம் இரண்டு தடவை எரிந்தது அதனால்தான். அந்தக் கம்பியை வீட்டு மின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். தனியாக ஒரு கம்பி அடித்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வரும் வோல்ட் மோடம் வழியாகத்தான் பாயும்.

டிராப்வயர்

வாய் கீழே என்பது சரிதான் அண்ணே, அதை எழுத விட்டுவிட்டேன். அந்தக் கூரை ஜாயிண்டைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மேலே பார்த்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.