4 அங்குல பிளாக் சுவரில் வயருக்குக் காடி வெட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தை ஃபிளாட். சீமெந்து பிளாக் சுவர், பூச்சு 15 மி.மீ. சமையலறைக்கு இரண்டு 13 அம்பியர் பிளக் பொயிண்ட், வயர் போக 20 மி.மீ. கொண்டிட் பைப். பழைய பொயிண்டிலிருந்து கிடையாக 2 மீற்றர் வெட்டலாம் என்கிறார் மேசன். சரியா?

பதில் 1: கிடையாக வேண்டாம். நிலைக்குத்து வெட்டு சுவர்த் தடிப்பில் மூன்றிலொன்றையும் கிடை வெட்டு ஆறிலொன்றையும் தாண்டக் கூடாது என்பது வழமை. 100 மி.மீ. சுவரில் கிடைக்கு 16 மி.மீ.தான். பொள் பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ளது) என்றால் அதையும் நம்பாதீர்கள், அதன் வெளி ஓடு மெல்லியது, உளி உள்ளே போய்விடும். சீலிங் வழியாகக் கொண்டுவந்து பொயிண்டுக்கு நேர்மேலே இருந்து இறக்குங்கள். சரிவாக மட்டும் வெட்டவே வேண்டாம். பிறகு ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே என்று தெரியாது.

பதில் 2: மேலிருந்து இறக்கும் நிலைக்குத்து வெட்டுக்கு 30 மி.மீ. இடைவெளியில் கிரைண்டரால் இரண்டு கோடு, பூச்சு மேற்பரப்பிலிருந்து 32 மி.மீ. ஆழம். நடுவை மெல்லிய உளியால் சாய்த்துத் தட்டுங்கள், நேராக ஓங்கினால் மறுபக்கப் பூச்சு கொப்பளிக்கும். முதலில் மெயினை நிறுத்துங்கள். சுவரின் இரு பக்கமும் பிளக் பெட்டிகளை முதுகோடு முதுகாக வைக்க வேண்டாம்.

பதில் 3: அடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தூசியைத் துடைத்து, நனைத்து, 1:4 கலவையால் இரண்டு தடவையாக நிரப்புங்கள். மேலே கோழிவலை, இரு பக்கமும் 50 மி.மீ. ஏறட்டும். இல்லையேல் பைப் போன வழியே மயிர் வெடிப்பு (மெல்லிய கீறல்) வரும். கொங்கிரீட் தூணில் கை வைக்கவே வேண்டாம்.