புதுப்பிப்பு: நொய்யில் சிவப்பு ஏறிவிட்டது, ஆனால் கேசரிக்கு இல்லை

பொங்கலுக்கு முன் எழுதியது நினைவிருக்கும். கும்பகோணத்துப் பக்கம் அரிசி ஆலையில் கழிக்கும் நொய்யோடு வாழைத்தோலைக் கலந்து, மோனாஸ்கஸ் பூஞ்சையை வளர்த்துச் சிவப்பு நிறம் எடுக்கப் பார்த்தேன். பச்சைப் பூசணம் பிடித்து எல்லாம் வீணானது.

இந்த முறை வாழைத்தோலை விட்டுவிட்டேன். தவறு ஈரத்தில்தான் இருந்தது. நொய் குழைந்து கட்டியானால் உள்ளே காற்று போகாது, பூஞ்சை மேலே மட்டும் படரும். உதிரியாக ஊறவைத்து, பிரஷர் குக்கரில் நன்றாக அவித்து, ஆறிய பிறகே பூஞ்சை வித்துகளைத் தூவினேன். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் தினமும் குலுக்கிவிட்டேன். முதலில் வெள்ளை, அப்புறம் ஆரஞ்சு, இரண்டு வாரத்தில் பழுத்த மாதுளை நிறம்! அந்த ஆரஞ்சு நிறமி, அமினோ அமிலம் போன்ற நைட்ரஜன் பொருளோடு சேரும்போதுதான் சிவப்பாகிறது. வெயில் பட்டால் வெளுக்கும், ஆகவே இருட்டில் வைத்திருக்கிறேன்.

கேசரியில் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடாது. இந்தப் பூஞ்சை சிட்ரினின் என்ற நச்சையும் சுரக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இதே பூஞ்சையால் நொதிக்கவைத்த சிவப்பு அரிசியில் செய்யும் மாத்திரைகளில் சிட்ரினினுக்குக் கிலோவுக்கு 2,000 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் 100 ஆகக் குறைத்தது. எவ்வளவு கவலை இருந்தால் இப்படி இறக்குவார்கள்!

மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை பருத்தித் துணியில் மட்டும் தோய்த்துப் பார்க்கிறேன். அடுத்தது தவிடு.