புதுப்பிப்பு: பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில் விவகாரம்

கியரை டி-யில் (டிரைவ்) போட்டதும் வண்டி இரண்டு நொடி யோசித்துவிட்டு நகருகிறது, ஆனால் டிப்ஸ்டிக்கில், அதாவது அளவு பார்க்கும் குச்சியில், கியர் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். காலையில் இன்ஜினை ஓடவிடாமலே பார்த்திருக்கிறேன். அப்போது டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் கீழே வடிந்து, அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஓட்டிச் சூடாக்கினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்ததில் தேவைக்கு மேலேயே சூடாகிவிட்டது! சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, திரும்ப பி-யில் (பார்க்) வைத்து, இன்ஜின் ஓடும்போதே குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நிறம் மங்கிய சிவப்பு. நல்லவேளை, கருகல் வாடை இல்லை.

குச்சிக் குழாயிலேயே புனல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரை லிட்டர் ஊற்றினேன். இப்போது உடனே நகருகிறது. ஆனால் குறைந்த ஆயில் எங்கேயோ போயிருக்க வேண்டுமே? அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் சிவப்பாக இரண்டு சொட்டு. பான் கேஸ்கெட் (கியர்பாக்ஸின் அடித்தட்டில் ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை) என்று நினைக்கிறேன், சனிக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பழைய ஹோண்டா வைத்திருப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். அவற்றில் பலவற்றில் சூடான இன்ஜினை அணைத்த உடனே பார்க்க வேண்டும்.