இனே கிராமத்தில் தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நவம்பரில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். கியோட்டோ நகரத்துக் கூட்டத்தைவிட, அதே மாகாணத்தின் வடக்குக் கடலோரத்தில் உள்ள இனே என்ற மீனவ ஊரில் தங்கத்தான் ஆசை. அங்கே விரிகுடாவைச் சுற்றி சுமார் 230 ஃபுனாயா வீடுகள் தண்ணீரை ஒட்டியே நிற்கின்றன; கீழே படகு, மேலே அறை. விரிகுடாவின் வாயில் அவோஷிமா தீவு அலையைத் தடுப்பதால்தான் இப்படிக் கட்ட முடிந்திருக்கிறது.

அமானோஹஷிதாதே வரை ரயில், அங்கிருந்து ஒரு மணி நேரம் போல பேருந்து. அதுவரை சரி. கவலை சாப்பாடுதான். அம்மா சுத்த சைவம். மிசோ சூப்பில்கூட பெரும்பாலும் மீன் சேர்த்த தாஷி என்ற சாறுதான் இருக்கும். ஊரோ மீனை நம்பி வாழ்வது. முன்கூட்டியே சொன்னால் கொம்பு என்ற கடற்பாசியும் காளானும் போட்டுச் சமைத்துத் தருவார்களா? இல்லையென்றால், சமையலறையோடு முழு வீடாகக் கிடைக்கும் ஃபுனாயா எதுவும் தெரியுமா?

அப்புறம், அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வாசலில் நின்று படம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தள்ளி நின்று பார்க்க நல்ல இடம் எது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு; விரிகுடாவைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறி இறங்க முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.