பலாக் கிற்றார்க் கழுத்தில ஸ்ரெயின் பிடிக்குதில்லை

கொக்குவில் பெடியன்:

வணக்கம். அப்பப்பாவின்ர பழைய வீடு இடிக்கேக்க கழட்டின பலாக் கதவு நிலையில இருந்து ஒரு கிற்றார்க் கழுத்து செதுக்கியிருக்கிறன். நாலு மாசம், பின்னேரங்களில மட்டும் செய்த வேலை. கம்பியை அமத்திற விரல்பலகைக்கு முதிரை மரம். ஒட்டேக்க ஓரத்தால வழிஞ்ச வெள்ளைப் பசையை ஈரத்துணியால நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் காய விட்டனான். பிறகு 180, 240 சாண்ட் பேப்பர். கைக்கு வழுவழுப்பா வந்திட்டுது.

ஞாயிற்றுக்கிழமை வால்நட் நிற ஸ்ரெயின் (மரச் சாயம்) பூசினன். விரல்பலகைக்குக் கீழ ஒரு விரல் அகலத்துக்கு மரம் நிறத்தை எடுக்குதே இல்லை, மஞ்சளாவே நிக்குது. மற்ற இடமெல்லாம் கருத்திட்டுது. இன்னொருக்காப் பூச வித்தியாசம் இன்னும் கூடிப்போச்சு. மேல வார்னிஷ் அடிச்சால் ஒண்டாகுமோ? அப்பப்பா கை வைச்சுத் திறந்த கதவின்ர நிலை இது, பழுதாக்க மனம் வரேல்லை.

மானிப்பாய் அண்ணை:

தம்பி, வார்னிஷ் அடிச்சிடாதைங்கோ. அடிச்சால் அந்தத் திட்டு இன்னும் பளிச்செண்டு தெரியும்.

அது பசை. ஈரத்துணியால துடைச்ச இடத்திலதான் பிழை நடந்தது. தண்ணியில இளகின பசை மரத்தின்ர நுண்துளைக்குள்ள இறங்கியிடும். காய்ஞ்சால் கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுக்குள்ள நிறம் போகாது. இனிமேல் வழிஞ்ச பசையை அப்பிடியே விடுங்கோ. அரை மணித்தியாலத்தில றப்பர் மாதிரி வரும், அப்ப உளியால தூக்கி எடுக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது: விரல்பலகை ஓரத்துக்கு ரேப் ஒட்டிப்போட்டு, உடைஞ்ச கண்ணாடித் துண்டின்ர நேர் விளிம்பால நார் ஓடுற பக்கமாச் சுரண்டுங்கோ. எங்கட ஆக்கள் சாண்ட் பேப்பர் வர முதலே இப்பிடித்தான் செய்தவை. தூள் வரக்கூடாது, சுருள் வரவேணும். தூள் வந்தால் விளிம்பு மழுங்கிப்போச்சு, வேற துண்டு எடுங்கோ. பிறகு ஸ்பிரிட்டில நனைச்ச துணியால ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ. மரம் இருளும், பசை இருக்கிற இடம் வெளிறி நிக்கும். ஸ்பிரிட் காய முதல் பென்சிலால குறிச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொண்டும் சொல்லவேணும். பலாவுக்கு ஏன் வால்நட் நிறம்? வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் பலாதானே. சீவின உடன மஞ்சள், வெளிச்சம் படப்படத் தேன் நிறம், பிறகு நல்ல கபிலம். அந்த நிலையின்ர மிச்சத் துண்டு இருந்தால் வெளிப்பக்கத்தையும் சீவின பக்கத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. நீங்கள் தேடுற நிறம் அந்த மரத்துக்குள்ளயே இருக்குது. ஸ்ரெயின் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

முடிப்புக்கு அவலரக்கு, ஷெலாக் எண்டு சொல்லுற தகட்டு அரக்கு. அரை லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் போட்டு ஒரு இரவு ஊறவிட்டு, துணியால வடிச்சு, மெல்லிசா நாலு தரம். ஒவ்வொண்டுக்கும் நடுவில 320 பேப்பரால லேசாத் தடவுங்கோ. கழுத்துக்குத் தடிப்பான வார்னிஷ் கூடவே கூடாது. எங்கட வெக்கைக்குப் பெருவிரல் வேர்வையில ஒட்டிப் பிடிக்கும், கை ஓடாது. மழை இருட்டில பூசாதைங்கோ, அரக்கு ஈரத்தை இழுத்து வெள்ளைப் பனிப்புகார் மாதிரி நிக்கும். ஐப்பசி தொடங்கியிட்டுது, வெயில் எறிக்கிற மத்தியானம் பாத்துச் செய்யுங்கோ.

நல்லூரில இருந்து:

அண்ணை சொன்னது சரி. நான் அரக்குக்குப் பதிலாக் காய்ச்சின லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தேய்ச்சனான், தொடுறதுக்கு இன்னும் மரம் மாதிரி இருக்கும். ஆனா எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடாதைங்கோ. காயேக்க தானாச் சூடேறி நெருப்புப் பிடிக்கும். கிணத்துக்கட்டில விரிச்சுக் காய விடுங்கோ, இல்லாட்டித் தண்ணியில ஊறப்போடுங்கோ.

கொக்குவில் பெடியன்:

அண்ணை, சுரண்டி முடிச்சிட்டன். இரண்டு பின்னேரம் போச்சு, மூண்டு கண்ணாடித் துண்டு. ஸ்பிரிட் போட்டுப் பாக்க, விரல்பலகையின்ர ஏழாம் கட்டைக்கு (fret) கீழ நான் நினைச்சே பாக்காத இடத்திலயும் பசை இருந்தது. மிச்சத் துண்டை வைச்சுப் பாத்தன். வெளிப்பக்கம் அப்பப்பாவின்ர சாய்மனைக் கதிரையின்ர நிறம்தான். ஸ்ரெயின் இனி வேண்டாம். அவலரக்கு ஊறுது, நாளைக்கு வெயில் வந்தால் முதல் பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு எத்தினை நாளில கம்பி கட்டலாம்?

மானிப்பாய் அண்ணை:

ஒரு கிழமை விடுங்கோ. நகத்தால அமத்தேக்க அடையாளம் விழாட்டிக் கட்டலாம்.